துணியில் தங்கியது

பிப்ரவரி 3

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

நீங்க அங்கே நல்லா இருக்கணும். இங்கே சுகம்னு எழுதக் கை வரலை, தப்பா நினைக்காதீங்க. போன்ல பேசினா ரெண்டு பேரும் அழுதுட்டு வச்சுடறோம், ஒரு சேதியும் சொல்லி முடியறதில்லை. உங்க பொண்ணு பக்கத்துலயே படுத்திருக்கா, பேசறது எல்லாம் காதுல விழும். அதான் எழுதறேன். அஞ்சாம் வகுப்போட நின்னவ நான், பிழை இருந்தா நீங்களே திருத்திப் படிச்சுக்கோங்க.

நம்ம வாயாடியை வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டேன். போறப்ப வந்த அதே ஆட்டோக்காரர்தான் திரும்பவும் வந்தார். "இன்னொருத்தர் வரலையாம்மா?"ன்னு கேட்டார். பாவம், அவருக்கு என்ன தெரியும். காய்ச்சலோட புருஷன் பெண்டாட்டி ரெண்டு பேரையும் ஏத்திவிட்டதைத்தான் அவர் பார்த்தார். இவ முகத்தைத் திருப்பிக்கிட்டா. நான் "இவ்வளவுதான் தம்பி, வண்டியை எடுங்க"ன்னேன்.

ஆள் பாதியாகிட்டா. அத்தனை நாள் மெஷின்ல கிடந்ததுல உடம்பு தன் சதையையே தின்னு உயிரைப் பிடிச்சு வச்சிருக்குன்னு டாக்டர் சொல்றார். தொடையை ஒரு கைக்குள்ள பிடிச்சுடலாம். படுத்தே கிடந்ததுல குதிகால்ல புண். கழுத்துல ஓட்டை போட்ட இடம் மூடிட்டு வருது, ஆனா குரல் வரலை, வெறும் காத்துதான் வருது. வாயால விழுங்கினா சாப்பாடு நுரையீரலுக்குப் போயிடுமாம். அதனால மூக்குல குழாய் வச்சு அனுப்பியிருக்காங்க.

ஆஸ்பத்திரியில ஒரு பொண்ணு இருக்கா, டயட்டீஷியனாம். எனக்கு அந்தப் பேர் வாயில நுழையலை, சாப்பாட்டு டாக்டர்னுதான் கூப்பிடறேன், சிரிச்சுக்கறா. பருப்பு, சோறு, முட்டை, பால், எண்ணெய், டப்பா பவுடர் எல்லாம் எவ்வளவுன்னு சொல்லிக்கொடுத்து, "மாத்திரைக்கு எவ்வளவு பயப்படுவீங்களோ இதுக்கும் அவ்வளவு பயப்படுங்கம்மா"ன்னா. நான் மாத்திரைக்குப் பயந்ததை விட அதிகமாவே பயந்துட்டு இருக்கேன்.

வந்த அன்னிக்கே குழாய் அடைச்சுக்கிச்சு. திரும்பத் தூக்கிட்டு ஓடினோம். பழசை உருவி, புதுசை மூக்கு வழியா இறக்கினப்போ இவளுக்குக் கத்தக் குரல் இல்லை. கண்ணீர் ரெண்டு பக்கமும் வழிஞ்சு காதுக்குள்ள போச்சு. என் மணிக்கட்டைப் பிடிச்ச பிடி இன்னும் கன்னிப்போய் இருக்கு. என் பிள்ளை போன அன்னிக்கு நர்ஸ் ஓடி வந்து "மூச்சுக் குழாய் அடைச்சுக்கிச்சு, அடைச்சுக்கிச்சு"ன்னு சத்தம் போட்டாளே, அந்த ஒரு வார்த்தையை இனிமே இந்த வீட்டுல நான் கேட்க மாட்டேன். அன்னில இருந்து தூசு தும்பு இல்லாம தண்ணி மாதிரி ஆக்கித்தான் ஊத்தறேன். மிச்சம் மீதியைப் பின்சந்துல ஒரு நோஞ்சான் நாய் வந்து நக்கிட்டுப் போகுது. அதாவது பிழைக்கட்டும்.

நீங்க கவலைப்படாதீங்க. அந்தக் கவலையையும் சேர்த்து நான் படறேன்.

இப்படிக்கு,
உங்க சம்பந்தி


பிப்ரவரி 10

அன்புள்ள அண்ணிக்கு,

உங்க கடிதத்தைச் சமையல்கட்டுல நின்னே படிச்சேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் ஊத்திருச்சு. நான் வேலை பார்க்கற வீட்டுப் பெரியவரோட மருமக, அவங்களே துணியெடுத்துத் துடைச்சாங்க. நல்ல மனுஷங்கதான். ஆனா பெரியவரைத் தூக்கி உட்கார வைக்க, குளிப்பாட்ட இன்னொரு ஆள் வர்ற வரைக்கும் லீவு கிடையாதுன்னுட்டாங்க. படுக்கையில கிடக்கறவரை விட்டுட்டு எப்படி ஓடி வருவேன்? பெத்த பொண்ணு படுக்கையில கிடக்க, யாரோ ஒருத்தருக்கு நான் சோறு ஊட்டிட்டு இருக்கேன். என் பொண்ணுக்கு நீங்க ஊட்டறீங்க. என்ன பிழைப்போ போங்க.

தூசு தும்பு இல்லாம செய்யறேன்னு எழுதியிருந்தீங்க. உங்க கை சுத்தம் எனக்குத் தெரியாதா? கல்யாணம் பேச வந்தப்ப நீங்க டம்ளர் கழுவின அழகைப் பார்த்துத்தானே நான் சரின்னு சொன்னேன். மாப்பிள்ளையைக்கூட அப்புறம்தான் பார்த்தேன்.

மாப்பிள்ளையைப் பத்தி என்ன எழுதறதுன்னு தெரியலை. எழுத உட்கார்ந்தா, கல்யாணப் புடவைக்கு ஜாக்கெட் துணி வெட்டறப்போ ஓரத்துல ஒரு விரல்கடை மிச்சம் பிடிச்சுட்டு, "அத்தை, பாருங்க, உங்களுக்கு ஒரு கைக்குட்டை லாபம்"னு சொன்னதுதான் ஞாபகத்துக்கு வருது.

எங்க பாப்பாவை, என் பொண்ணைப் பத்தி அத்தனை எழுதினீங்க. நீங்க சாப்பிடறீங்களான்னு ஒரு வரி இல்லையே?

உங்க வீட்டுப் பொண்ணோட அம்மா


பிப்ரவரி 24

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

நல்ல சேதியா எழுதணும்னு ரெண்டு தடவை உட்கார்ந்து எழுந்துட்டேன்.

எடை ஏறலை. வீட்டுக்கு வந்தப்ப முப்பத்தெட்டு. இன்னிக்கு ஆஸ்பத்திரி மெஷின் முப்பத்தஞ்சு காட்டுது. நான் மெஷின் ரிப்பேர்னு சொன்னேன். அவங்க நம்பலை, வேற மெஷின்ல நிறுத்தினாங்க. அதுவும் அதையேதான் சொல்லுது. குதிகால் புண்ணு ஆறவே இல்லை. தலை சீவினா கொத்துக் கொத்தா முடி வருது, நான் சீப்பை அவ கண்ணுல படாம எடுத்து ஒளிச்சுக்கறேன்.

சாப்பாட்டு டாக்டர் ஒவ்வொண்ணா கேட்டா. முட்டை வைக்கறீங்களா? வைக்கறேன். பருப்பு? வைக்கறேன். பவுடர்? சொன்ன அளவுக்குக் கலக்கறேன். வேளை தப்பாம ஊத்தறீங்களா? கடிகாரத்தைப் பார்த்துட்டேதான் உட்கார்ந்திருக்கேன். வாந்தி, பேதி? ஒண்ணும் இல்லை. அவ பேனாவால மேஜையைத் தட்டிட்டே இருந்தா. "அப்ப ஏம்மா உடம்புல ஒட்ட மாட்டேங்குது?"ன்னு கேட்டா. நான் என்னத்தைச் சொல்ல? அளவைக் கூட்டிக் கொடுத்திருக்கா. அடுத்த தடவையும் ஏறலைன்னா திரும்ப அட்மிட் பண்ணி, வயித்துல ஓட்டை போட்டு நேரா அங்கேயே குழாய் வைக்கணுமாம். இந்த உடம்பு இன்னொரு மயக்க ஊசியைத் தாங்குமான்னு வெளியில வந்து டாக்டரைக் கேட்டேன். "தாங்கற மாதிரி ஆக்கிக் கொண்டு வாங்க"ன்னார்.

அன்னில இருந்து கூட ஒரு முட்டை, கூட ஒரு கரண்டி பருப்பு. சேரச் சேர நாய்தான் கொழுக்குது! முன்ன விலா எண்ணலாம், இப்ப உருண்டையா வந்து வாசப்படியில உட்கார்ந்து வீட்டுக்காரன் மாதிரி என்னைப் பார்க்குது. இவளுக்கு அதைக் காட்டினேன். சிரிக்கறாளான்னு பார்த்தேன். கண்ணை மூடிக்கிட்டா.

நடக்கவைக்க வர்ற பையன் கட்டில்ல இருந்து ஜன்னல் வரை போகச் சொல்றான். பாதியிலயே முட்டி மடங்குது. என்னைப் பார்த்து வாயசைச்சா. குரல் இல்லாட்டியும் என்ன சொல்றான்னு புரிஞ்சுது. "போதும் அத்தை"ன்னா. எது போதும்னு நான் கேட்கலை. கேட்கப் பயம்.

எனக்கு என்ன குறைச்சல், ஒரு டீ குடிச்சா நாள் ஓடிடுது.

உங்க சம்பந்தி


மார்ச் 3

சம்பந்தி அம்மாவுக்கு,

உங்க மாடி வீட்டம்மா எனக்குப் போன் பண்ணாங்க. சொல்லலாமா வேண்டாமான்னு நாலு நாள் யோசிச்சாங்களாம். "உங்க பொண்ணு எலும்பும் தோலுமா கிடக்கா. முட்டையும் பாலும் பருப்புமா அந்தம்மா தினமும் தட்டு நிறைய நாய்க்கு வைக்குது. என் கண்ணால பார்த்தேன்"னாங்க.

நாய் கொழுத்ததை நீங்களே எனக்கு எழுதினீங்க. நானும் வேடிக்கையா படிச்சேன். இப்ப அதே கடிதத்தைத் திரும்ப எடுத்துப் படிச்சா வயிறு எரியுது.

உங்க பிள்ளை போனதுக்கு என் பொண்ணு என்ன செய்வா? அவ உயிரோட திரும்பினது உங்களுக்குப் பொறுக்கலையா? பொறுக்கலைன்னா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. நான் எப்படியாவது வேற வழி பார்த்திருப்பேனே.

மாத்து ஆள் கிடைச்சாச்சு. வந்ததும் நான் கிளம்பி வந்து அவளைக் கூட்டிட்டுப் போறேன். அது வரைக்கும் அவளுக்குன்னு ஆக்கினது அவ வயித்துக்குப் போகட்டும்.

என் பொண்ணோட அம்மா


மார்ச் 8

சம்பந்தி அம்மாவுக்கு,

கடிதம் கிடைச்சுது. மாடி வீட்டுக்காரி பொய் சொல்லலை. அவ மேல எனக்கு வருத்தமும் இல்லை. நாய்க்கு வைக்கறது உண்மைதான்.

ஆனா சக்கையைத்தான் வைக்கறேன். அவ சாப்பாட்டை எடுத்து நாய்க்குப் போடற அளவுக்கு நான் இன்னும் கல்லாகலை. பருப்பும் சோறும் குழைய வேகவச்சு, முட்டையை உதிர்த்துப் போட்டு, பாலும் பவுடரும் கலந்து மிக்சியில அடிக்கறேன். அப்புறம் துணியில வடிகட்டறேன். என் பிள்ளை துணி வெட்டற வேலை பார்த்த கம்பெனியில இருந்து வெட்டிக் கொண்டு வந்த லைனிங் துணி, சட்டைக் காலருக்குள்ள வைக்கறது, பீரோவுல கிடந்துச்சு. அதை நாலா மடிச்சுப் பிழிஞ்சா திப்பி எல்லாம் துணியில நின்னுடும். கீழ வர்றது அரிசி கழுவின தண்ணி மாதிரி அவ்வளவு சுத்தமா இருக்கும். அதைத்தான் ஊத்தறேன். அன்னில இருந்து ஒரு தடவைகூடக் குழாய் அடைக்கலை. துணியில நிக்கற சக்கையைக் குப்பையில கொட்ட மனசு வராமத்தான் நாய்க்கு வைக்கறேன். இதுல என்ன துரோகம் இருக்குன்னு எனக்கு விளங்கலை.

இன்னொண்ணு எழுதியிருந்தீங்க. அதுக்கும் பதில் சொல்லிடறேன். ரெண்டு பேர்ல ஒருத்தர்தான்னு யாராவது என்னைக் கேட்டிருந்தா நான் என் பிள்ளையைத்தான் கேட்டிருப்பேன். நீங்க உங்க பொண்ணைக் கேட்டிருப்பீங்க. நம்ம ரெண்டு பேரையும் யாரும் கேட்கலை. கொடுத்ததை மார்ல வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். அதுவும் கைநழுவிப் போயிடுமோன்னு மூச்சு விடக்கூட பயமா இருக்கு. அவ நெஞ்சு ஏறி இறங்குதான்னு பார்க்கறதுதான் எனக்கு வேலையே.

கூட்டிட்டுப் போறதுன்னா போங்க. உங்க பொண்ணு. நான் குறுக்க நிக்கலை.

உங்க சம்பந்தி


மார்ச் 14

அண்ணி,

நேத்து போன்ல நான் கத்தினதும் நீங்க ஒரு வார்த்தை பேசாம வச்சுட்டீங்க. மறுபடி அடிச்சா எடுக்கலை. "வடிகட்டாதீங்க, வடிகட்டாதீங்க"ன்னு நான் கத்தினது காதுல விழுந்துச்சா இல்லையான்னுகூடத் தெரியலை. அதனால எழுதறேன், பொறுமையாப் படிங்க.

நாலு மடிப்புத் துணியில பிழிஞ்சா முட்டையும் பருப்பும் துணியிலயே நின்னுடும் அண்ணி. பவுடர்லயும் முக்கால்வாசி அதுகூடத்தான் நிக்கும். சோத்தை வடிச்சு, கஞ்சித் தண்ணியைப் பிள்ளைக்குக் கொடுத்துட்டுச் சோத்தை வெளியில கொட்டின மாதிரி ஆயிருக்கு. சத்து பூரா நாய்க்குப் போயிருக்கு. பாப்பாவுக்குப் போனது வெறும் தண்ணி.

இங்க பெரியவருக்கு ஊசி போட வர்ற நர்ஸ்கிட்ட உங்க கடிதத்தை அப்படியே வாசிச்சுக் காட்டினேன். அவங்க சொன்னது இது. மிக்சியில இப்ப ஓட்டறதை விட நல்லா அதிக நேரம் ஓட்டுங்க. கூடக் கொஞ்சம் பால் விட்டுக்கோங்க. டீ வடிகட்டி ஒண்ணு போதும், துணியே வேண்டாம். பவுடரை வடிகட்டினதுக்கு அப்புறம் கலக்குங்க. ஊத்தறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் வெதுவெதுப்பான தண்ணி விட்டா குழாய் அடைக்காது. ஆனா இத்தனை நாள் காய்ஞ்ச உடம்புக்குத் திடீர்னு முழு அளவு ஏத்தினா அதுவே ஆபத்தாம். முதல்ல அந்தச் சாப்பாட்டு டாக்டர்கிட்ட ஓடுங்க. துணி விஷயத்தைச் சொல்லுங்க. வெட்கப்படாதீங்க.

உங்களுக்கு நான் எழுதினதுக்கு எந்த வாயால மன்னிப்புக் கேட்கறது? தண்ணி மாதிரி ஆக்கறேன்னு முதல் கடிதத்துலயே எழுதியிருந்தீங்க. நானும் படிச்சேன், கை சுத்தம்னு மெச்சினேன். அடுப்படியிலயே பொழுதைக் கழிக்கறவ நான். எனக்கே உறைக்கலையே.

ஆனாலும் நான் வந்து அவளைக் கூட்டிட்டுத்தான் போகணும். கோபத்துல சொல்லலை. எனக்குப் பயமா இருக்கு.

பதில் போடுங்க அண்ணி.


மார்ச் 26

அண்ணிக்கு,

பதிலே காணோம். மாடி வீட்டம்மாவுக்குப் போன் போட்டேன். இப்ப அவங்கதான் ஊத்தறாங்களாமே? நீங்க சிரிஞ்சையே தொடறதில்லையாமே? அடுப்படியில முதுகைக் காட்டிட்டு உட்கார்ந்திருக்கீங்களாம். அவங்களும் அழுதாங்க. "நான் போன் பண்ணியிருக்கக் கூடாது"ன்னாங்க. பண்ணாம இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு நான் சொன்னேன்.

பாப்பா எப்படி இருக்கா? அதை மட்டுமாவது எழுதுங்க. நான் ஏப்ரல் பதினெட்டு கிளம்பறேன். நீங்க சாப்பிடறீங்களான்னு மூணு தடவை கேட்டு எழுதணும்னு நினைச்சு, ஒரு தடவைதான் எழுதியிருக்கேன். அதுக்கும் நீங்க நேரா பதில் சொல்லலை.

உங்க வீட்டுப் பொண்ணோட அம்மா


ஏப்ரல் 9

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

தாமதத்துக்குக் கோவிச்சுக்காதீங்க. கை எழும்பலை.

நீங்க போன்ல சொன்னதும் நான் வச்சுட்டு, காயப்போட்ட துணியைப் பார்த்துட்டு நின்னேன். நின்ன இடத்துலயே உட்கார்ந்துட்டேன். மறுநாள் சாப்பாட்டு டாக்டர்கிட்ட போய்ச் சொன்னேன். அவ பேனாவைக் கீழ வச்சுட்டா. "எல்லாம் கேட்டேனே, வடிகட்டறீங்களா, எதுலன்னு கேட்கலையேம்மா"ன்னா. டீயை வடிகட்டறதை யாராவது சொல்லிக்கிட்டா இருப்பாங்கன்னு நானும் சொல்லலை. அவ திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். திட்டாம, ரத்தம் எடுத்துப் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமா ஏத்தற மாதிரி புது அளவு கொடுத்தா. நான் மாடி வீட்டுக்காரியைக் கூப்பிட்டு, "நீ செய், என் கை வேண்டாம்"னுட்டேன்.

அவ நல்லாத்தான் செஞ்சா. குழாய் அடைக்கலை. சிரிஞ்சுல ஏத்தறப்பல்லாம் நான் அடுப்படியில காதைப் பொத்திக்கிட்டேன், அவ்வளவுதான்.

போன வாரம் அவ ஊத்த வந்தப்ப நம்ம பொண்ணு குழாய் முனையைக் கையால மூடிக்கிட்டா. விட மாட்டேங்கறா. "என்னடி பிடிவாதம், அத்தையைக் கூப்பிடட்டுமா?"ன்னு மாடி வீட்டுக்காரி மிரட்டறா. அப்பத்தான் சம்பந்தி அம்மா, குரல் வந்துச்சு. கரகரன்னு, பழைய கதவு மாதிரி.

"கூப்பிடுங்க. அவங்க ஊத்தட்டும். நீங்க ஊத்தறப்ப முழு சீரியல் கதையும் சொல்றீங்க, எனக்குத் தலை சுத்துது"ன்னா.

மாடி வீட்டுக்காரிக்கு ஒரு பக்கம் கோபம், ஒரு பக்கம் சிரிப்பு. வாயாடி திரும்பி வந்துட்டான்னு நான் சுவத்தைப் பிடிச்சுக்கிட்டேன்.

கையைக் கழுவிட்டு வந்து ஊத்தினேன். ஊத்தி முடிச்சதும் கேட்டேன், "நீ படுத்த இடத்துல இருந்து அடுப்படி நேராத் தெரியுமே, நான் வடிகட்டினதைப் பார்த்தியா?"ன்னு. பார்த்தாளாம். "அது அவர் வெட்டின துணின்னு தெரியும் அத்தை. சத்து கித்து எனக்குத் தெரியாது. அதுல வடிஞ்சு வர்றது வந்தா போதும்னு இருந்துச்சு"ன்னா. நான் சிரிஞ்சைக் கழுவ எழுந்து போயிட்டேன்.

நேத்து ஆஸ்பத்திரியில விழுங்கிப் பார்க்கச் சொன்னாங்க. நிமிர்ந்து உட்கார்ந்து, தாடையைக் கீழ இறக்கி, ஒரு வாயை ரெண்டு தடவையா விழுங்கணும். மசிச்ச வாழைப்பழம். இருமல் வரலை. வீட்டுல கொஞ்சம் கொஞ்சமா கொடுக்கலாம்னு சொல்லி அனுப்பினாங்க. இன்னிக்குக் காலையில கிண்ணத்தோட போனா, ஸ்பூனை என் பக்கம் திருப்பறா.

"முதல்ல நீங்க."

"எனக்கு எதுக்குடி, நான் அப்புறம்..."

"அத்தை, அடுப்படி எனக்கு நேராத் தெரியும்னு நீங்கதானே சொன்னீங்க? நான் வந்த நாள்ல இருந்து நீங்க உங்களுக்குன்னு ஒரு தட்டு கழுவி நான் பார்க்கலை. டீ டம்ளர்தான் பார்த்தேன். நீங்க ஒரு வாய், நான் ஒரு வாய். இல்லைன்னா வயித்துல ஓட்டை போடட்டும்."

இப்படியும் ஒரு மிரட்டல். நான் சாப்பிட்டேன். தொண்டை காய்ஞ்சு கிடந்ததுல எனக்குத்தான் புரையேறிச்சு. "தாடையை இறக்குங்க அத்தை, ரெண்டு தடவை விழுங்குங்க"ன்னு எனக்குப் பாடம் எடுக்கறா. அழுதுட்டே தின்னோம். நீங்க கேட்டதுக்கு இதுதான் பதில். இன்னிக்குச் சாப்பிட்டேன்.

எடை முப்பத்தேழரை. மெஷின் ரிப்பேர்னு இந்தத் தடவை நான் சொல்லலை. புண்ணு ஓரத்துல தோல் கூடிட்டு வருது. வயித்துல ஓட்டை வேண்டாம்னுட்டாங்க, ஆனா மூக்குக் குழாய் இன்னும் இருக்கட்டும், வாயால போதுமான அளவு சாப்பிட்டா எடுத்துடலாம்னு சொல்லியிருக்காங்க. பயம் போகலை. ஒவ்வொரு வாய்க்கும் அவ தொண்டையைத்தான் பார்த்துட்டு இருக்கேன். அந்தத் துணியை வெந்நீர்ல அலசிட்டேன். கழுத்துல கட்டிக்கிட்டுச் சாப்பிடறா, சிந்தறதைத் துடைச்சுக்க.

பின்சந்து நாய்க்கு விலா தெரிய ஆரம்பிச்சுடுச்சு. வாசல்ல வந்து என்னை முறைக்குது. முறைக்கட்டும். ஒரு ரொட்டித் துண்டு போடறேன், அதுக்கு மேல அதுக்கு இந்த வீட்டுல பங்கு கிடையாது.

நீங்க கூட்டிட்டுப் போறேன்னு எழுதினதை அவகிட்ட வாசிச்சுக் காட்டினேன். கோபமா எழுதினதை விட்டுட்டேன், பயமா இருக்குன்னு எழுதினதை மட்டும் வாசிச்சேன். அவ ஒரு பதில் சொன்னா. அதை நான் எழுத மாட்டேன். எழுதினா என் பக்கம் சாய்ச்சு எழுதிட்டேனோன்னு உங்களுக்கு ஒரு நெருடல் இருக்கும். நீங்க வந்து அவ வாயால கேளுங்க. இப்ப அவளுக்குக் குரல் இருக்கு. என்ன சொன்னாலும் நான் தலையாட்டறேன். பெட்டியை மேல இருந்து இறக்கித் துடைச்சுத்தான் வச்சிருக்கேன். அதுக்குள்ள இன்னும் ஒண்ணும் அடுக்கலை.

பதினெட்டாம் தேதி கிளம்பறப்ப வழியில எதையாவது வாங்கித் தின்னு பசியை அடைச்சுக்கிட்டு வந்துடாதீங்க. மூணு தட்டு கழுவிக் கவுத்து வச்சிருக்கேன்.

உங்க அண்ணி